நான் மதம் மாற்றிய பதினான்கு பிள்ளைகள்

ஒரே வியாழக்கிழமையில், ஒரே பாடவேளையில், பதினான்கு பிள்ளைகளை மதம் மாற்றியவன் நான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு எதிராகக் கோட்டக் கல்விக் கந்தோருக்குப் போன பெட்டிசத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்த சின்னப் பாடசாலையில் முதல் நியமனம். வவுனியாவிலிருந்து ஒரு சூட்கேசும் நிறைய அறிவுமாக வந்து இறங்கியிருந்தேன் (சூட்கேஸ் இன்னும் இருக்கிறது). மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிந்து நியமனம் நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம். அதற்கு அதிபர் நல்லதாக ஓர் அறிக்கை எழுத வேண்டும். வீட்டில் வேறு எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெண் வீட்டாரின் முதல் கேள்வியே "உத்தியோகம் நிரந்தரமோ?" என்பதுதான். என் எதிர்காலம் முழுவதும் அந்த ஒரு பக்க அறிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பிற சமயங்களைப் பற்றிக் கற்பிக்க வேண்டுமாம்.

"தம்பி, உங்களுக்குத்தான் போன் பாக்கத் தெரியும். நீங்களே செய்யுங்கோ," என்றார் அதிபர் பரமேஸ்வரி ரீச்சர்.

எங்கள் பாடசாலைகளில் சமய பாடம் வந்தால் அவரவர் பிள்ளை அவரவர் சமயத்துக்குப் பிரிந்து போய்விடும். அடுத்த சமயத்தைப் பற்றி ஆரும் கற்பித்ததுமில்லை, கற்றதுமில்லை. நானும் அப்படி வளர்ந்தவன்தான். கிறிஸ்தவம் என்றால் நத்தாருக்குக் கேக் வரும், இஸ்லாம் என்றால் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும் என்ற அளவில் என் ஒப்பீட்டு ஆய்வு நின்றிருந்தது. இரண்டு பின்னேரம் போனைத் தேய்த்து யூதம், சமணம், சீக்கியம் வரை போய் வந்தேன். போனபோது இருந்த தெளிவு வந்தபோது இல்லை.

ஐந்தாம் வகுப்பில் பதினான்கு பேர். பன்னிரண்டு சைவம், இரண்டு கத்தோலிக்கம். முதல் பாடம் பௌத்தம். அரசமரம், ஞானம் என்று நான் உருகிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்க, கபிலன் கையை உயர்த்தினான்.

"சேர், புத்தருக்கு என்ன வாகனம்?"

பிள்ளையாருக்கு எலி, முருகனுக்கு மயில் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை. நியாயமான கேள்விதான்.

"வாகனம் இல்லை. அவர் நடந்துதான் போனவர்."

"பாவம்," என்றாள் முன்வாங்கில் இருந்த தர்சிகா.

"அப்ப யேசுவுக்கு?" கபிலன் விடவில்லை.

நான் யோசிப்பதற்குள் கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தி எழும்பி, "கழுதை. குருத்தோலை ஞாயிறு அண்டைக்கு அதிலதான் வந்தவர்," என்றாள். வகுப்பு திருப்தியாகத் தலையாட்டியது. அதற்குப் பிறகு நான் எந்தச் சமயத்தைத் தொடங்கினாலும் கதை வாகனத்தில் வந்து நின்றது. நாற்பது நிமிடமும் போக்குவரத்துப் பாடமாகவே முடிந்தது.

அடுத்த நாள் வியாழக்கிழமை. சும்மா சொன்னால் ஏறாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். சமயங்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கினேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்று எடுக்க வேண்டும். எடுத்த சமயத்தை ஒரு கிழமை படித்து, அடுத்த வியாழன் அதிபர் முன்னால் அந்தச் சமயத்தவராக வந்து பேச வேண்டும். அதிபர் அசந்துபோவார், அறிக்கை தானாக வரும். இதுதான் திட்டம்.

கபிலனுக்கு யூதம் விழுந்தது. தர்சிகாவுக்குச் சமணம். நிரோஜனுக்கு இஸ்லாம். கத்தோலிக்கப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சைவம் விழ, அவர்கள் பொங்கல் கிடைக்குமா என்று கேட்டார்கள்.

இதோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் பெற்றோருக்கும் தெரியவேண்டும் என்ற நல்ல எண்ணம் வந்து தொலைத்தது. அரைத் தாளில் மூன்று வரி எழுதி, விழுந்த சமயத்தையும் நானே நிரப்பி, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டேன். பிள்ளையின் பெயர். சமயம். பெற்றோர் கையொப்பம். எதற்காக என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தாளில் இடமும் இருந்தது. எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினான்கு தாளும் கையெழுத்தோடு திரும்பி வந்துவிட்டன. ஒரு தாய், தகப்பன்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. என்ன முற்போக்கான ஊர் என்று எனக்குப் புல்லரித்தது. அந்தத் தாள்களை அடுக்கி, ஒரு கோப்பில் போட்டு, கோப்பின் மேல் என் பெயரையும் எழுதினேன். பிறகு நடந்த விசாரணைக்கு அந்தக் கோப்பு மிகவும் உதவியாக இருந்தது, எனக்கு அல்ல.

திங்கட்கிழமை நான் சைக்கிளை நிறுத்தும்போதே பாடசாலை முற்றத்தில் சனம் நின்றது.

முதலில் கபிலனின் தாய். "சேர், புலமைப்பரிசில் சோதினைக்கு ரண்டு மாசம் கிடக்கு. இவன் சனிக்கிழமை ரியூசனுக்குப் போகமாட்டானாம். எங்கட ஆக்களுக்கு அது ஓய்வு நாள் எண்டுறான். ஆர் சேர் அந்த ஆக்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள், மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துத் தாய் ஒருவர் முன்னுக்கு வந்தார். அவருடைய மகன் நாலாம் வகுப்பு.

"சார், அஞ்சாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு மட்டும் லிஸ்ட் எடுத்திருக்கீங்களாமே. எங்க புள்ள பேரையும் போட்டுவிடுங்க சார். என்ன குடுக்கிறாங்க?"

"ஒண்டும் குடுக்கேல்லை அம்மா."

"போன தடவையும் அப்படித்தான் சொன்னாங்க. அப்புறம் ஆடு குடுத்தாங்க."

நிரோஜனின் தாய் மட்டும் நன்றி சொல்ல வந்திருந்தார். பையன் நாளுக்கு ஐந்து தரம் கை, கால், முகம் கழுவுகிறானாம். முன்பு அடித்தாலும் கழுவமாட்டானாம். இதை இன்னும் ஒரு மாதம் நீட்ட முடியுமா என்று கேட்டார்.

நான் ரியூசன்காரருக்கு ஆட்டையும் ஆட்டுக்காரருக்குச் சமணத்தையும் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தர்சிகாவின் தகப்பன் குலசிங்கம் அண்ணை வந்தார். குளத்தில் மீன் பிடிப்பவர். சத்தம் போடாமல்தான் கதைத்தார்.

"சேர், பிள்ளை மூண்டு நாளா மீன் தொடேல்லை. அதைக்கூட விடுங்கோ. நான் வலையைக் கொண்டுவந்து வைக்க, 'அப்பா, நீங்கள் செய்யிறது பாவம்' எண்டு அழுகிறாள்."

"அண்ணை, அது ஒரு நடிப்புக்கு…"

"சண்டை முடிஞ்ச பிறகு உதவி தாறம் எண்டு எத்தினை பேர் எத்தினை பேப்பரோட வந்தவை. வீட்டுக்கு ஒண்டு, கக்கூசுக்கு ஒண்டு, அவை தந்த மலட்டு மாட்டுக்கு ஒண்டு. வாசிச்சுக்கொண்டு நிண்டால் பேர் விட்டுப்போம். அதால நாங்கள் வாசிக்கிறேல்லை, கையெழுத்து வைச்சுப் பழகிட்டம். ஆனால் பள்ளிக்கூடத்தால வந்த பேப்பரில பிள்ளையின்ர சமயத்தை எழுதி வாங்குவியள் எண்டு நான் நினைக்கேல்லை."

 உண்மையில் வெட்கமாக இருந்தது. அந்த மனிதன் பிடித்த மீனை அவருடைய மகளே சாப்பிடாமல் செய்தவன் நான், அதுவும் ஓர் அறிக்கைக்காக. பரமேஸ்வரி ரீச்சர் வந்து எல்லோரையும் ஒருவாறு சமாதானப்படுத்தி அனுப்பினார். என் பக்கம் திரும்பாமலே அறைக்குள் போய்விட்டார். அது அறிக்கைக்கு நல்லதில்லை என்று விளங்கியது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் குழம்பிப்போய் இருந்தேன். பிள்ளைகளிடம் சமயங்களைத் திருப்பி வாங்குவது எப்படி என்று யோசனை. கபிலன் தன்னுடையதைத் தர மறுத்துவிட்டான். யோசனை முற்றியிருந்த நேரம் கடைக்காரர் ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். பெயர்களும் கையெழுத்துகளும் வரிசையாக இருந்தன.

"என்னத்துக்கு அண்ணை?"

"தெரியேல்லை சேர். எல்லாரும் வைக்கினம்."

வாய்க்கால் வீதி திருத்துவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். கையெழுத்து வைத்தேன். ஊருக்குப் பலமாக இருக்கட்டும் என்று கீழே "ஆசிரியர்" என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை, பிள்ளைகள் பேச வேண்டிய நேரத்தில், கோட்டக் கல்வி அதிகாரி வந்து அதிபரின் கதிரையில் இருந்தார். ஒரு பக்கம் குலசிங்கம் அண்ணையும் பெற்றோரும். மற்றப் பக்கம் நான். அதிகாரி பெட்டிசத்தை வாசித்தார். பதினான்கு பிள்ளைகள், கட்டாய மதமாற்றம், எழுத்து மூலமான ஆதாரம், உடனடி இடமாற்றம். ஒவ்வொரு சொல்லுக்கும் என் கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போவது தெரிந்தது.

அவர் அடுத்த தாளைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டார்.

"பதினேழாவது கையெழுத்துக்குக் கீழ 'ஆசிரியர்' எண்டு கிடக்கு. ரீச்சர், உங்கட ஸ்ராஃபிலையே இவருக்கு எதிரா ஆர்?"

பரமேஸ்வரி ரீச்சர் தாளை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாளை என் பக்கம் திருப்பினார். தெளிவான, அழகான கையெழுத்து. எனக்கு மிகவும் பழக்கமானது.

"அது என்ர சேர்," என்றேன்.

"நீங்கள் உங்களையே மாத்தச் சொல்லிக் கேக்கிறியளோ?"

"வாசிக்கேல்லை சேர். எல்லாரும் வைச்சவை. நானும் வைச்சனான்."

 குலசிங்கம் அண்ணையின் தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு எழும்பியவர், சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "சேர், பெட்டிசத்தை நாங்கள் திருப்பி எடுக்கிறம். இவர் எங்கட ஆள்தான்," என்றார்.

ஊருக்கு வந்த இரண்டே முக்கால் வருடத்தில் என்னை ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.  அதிகாரி விளக்கக் கடிதம் ஒன்று எழுதித் தரச் சொன்னார். அதை நான் மூன்று தரம் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். அறையில் இருந்த எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அன்றே பாடசாலை முடிய நான் தர்சிகா வீட்டுக்குப் போய், பாயில் இருந்து, குலசிங்கம் அண்ணை பிடித்த மீனை அவள் பார்க்கச் சாப்பிட்டேன். அவள் நெடுநேரம் என்னைப் பார்த்திருந்துவிட்டு, தன் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள்.

நியமனம் ஆறு மாதம் பிந்தித்தான் நிரந்தரமானது. கல்யாணமும் நடந்தது. பெண் வீட்டுக்குச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தபடியால், பதிவுக்காரர் தாளை நீட்டியதும் மாமனார் அதைப் பறித்து, "மாப்பிள்ளை, ஒருக்கா வாசியுங்கோ. இது என்ர மகளைக் கட்டுறதுக்கு," என்றார்.

போன கிழமை மகளின் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் வந்தது. பெயர், சமயம், பெற்றோர் கையொப்பம். நான் பேனாவை எடுத்தேன். குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது.

"பிள்ளை, அப்பாட்டைக் குடுக்காதை. உன்னை என்ன சமயத்துக்கு மாத்துவாரோ தெரியாது. பிறகு அதுக்கு எதிரா அவரே பெட்டிசமும் வைப்பார்."