கம்பத்துக்கு இரண்டு போஸ்ட்

உலக விளையாட்டு வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். தேசியப் பூப்பந்துப் பெருமன்றத்துக்குப் புதிய தலைமைச் செயல் அலுவலர் வருவதற்கு முன் ஒரு பாகம், வந்த பின் ஒரு பாகம். இதை நான் சொல்லவில்லை. எங்கள் கம்பத்தின் 'பள்ளத்தாக்குப் பூப்பந்து ரசிகர் பாசறை' தீர்மானமே போட்டுவிட்டது. தீர்மானம் டீக்கடை பெஞ்சில் நிறைவேறியதால் அதன் கனம் குறைந்துவிடாது. பெஞ்சு நல்ல தேக்கு.

எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். என் வீட்டு மாடிக்கு நேர் எதிரே பள்ளிக்கூட மைதானம். அடுத்தவர் விஷயத்தை எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. துணி காயப்போட ஏறினால் தெரிகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை காயப்போட வேண்டியிருக்கிறது. என்ன செய்ய?

பாசறையில் மொத்தம் பதினோரு பேர். தலைவர் சீனிச்சாமி, திராட்சைத் தோட்டக்காரர். செயலாளர் ரியாசுதீன், செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். பதினோரு பேரில் ஒருவர்கூட மட்டையைக் கையால் தொட்டதில்லை. "தொட்டா பாரபட்சம் வந்துரும்" என்பது தலைவரின் கொள்கை.

செய்தி வந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தாயிரம் வாலா வெடித்தது. மாடியிலிருந்து கேட்டேன்.

"யாருண்ணே வந்திருக்காக?"

"பேரு இன்னும் பாக்கலத்தா" என்றார் சீனிச்சாமி, காதைப் பொத்தியபடி. "பழைய ஆளு போயிட்டாருல்ல, மொதல்ல அதுக்கு வெடி."

"பழைய ஆளு வந்தன்னைக்கும் போட்டீகளே?"

"அது அவருக்கு முந்துன ஆளு போனதுக்கு."

மாலைக்குள் பெயர் தெரிந்துவிட்டது. ஹர்ஷ் வகாரியா. பூப்பந்து ஆடியவரா என்றால், அந்த மாதிரிச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் அவருக்கு நேரம் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடம் மெத்தைக் கம்பெனி நடத்தியவர்.

"மெத்தைக்காரருக்கு வெளையாட்டுல என்னண்ணே சோலி?" என்று ரியாசுதீனுக்கே ஒரு சந்தேகம்.

"ஏலே, விழுந்தா அடிபடாதுல்ல?" என்றார் தலைவர். பாசறை கைதட்டியது. இவ்வளவு தொலைநோக்கு உள்ளவர்களை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில், மைதானத்தில் நிஜமாகவே பூப்பந்து ஆடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி உண்டு. பெயர் கயல். பன்னிரண்டாம் வகுப்பு. மஞ்சள் உல்லன் பந்து எந்தப் பக்கம் வந்தாலும் அவள் மட்டை முன்னாலேயே போய் அங்கன காத்திருக்கும். அவள் அம்மா ஜக்கம்மா விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். கயல் தேசிய முகாமுக்குத் தேர்வானால் மதுரைக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு. ஆகாவிட்டால் அதே ஜீப்பில் அம்மா பக்கத்தில் சீட்டு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

புதன்கிழமை அலுவலர் ஒரு வீடியோ வெளியிட்டார். ஐந்து சிற்றூர்களுக்குத் தானே நேரில் வருவதாகவும், ஊருக்கு ஒரு பெண்ணை முகாமுக்கு எடுக்கப்போவதாகவும் இங்கிலீஷில் சொன்னார். முதல் ஊரே கம்பம். சனிக்கிழமை காலை ஏழு மணி. கயல் அன்றைக்குச் சாப்பிடாமல் பந்தடித்தாள். பாசறை சாப்பிட்டுவிட்டு வீடியோவை ஆராய்ந்தது.

"மூணு நிமிசத்துல ஏழு தடவ கிராஸ் ரூட்டு, கிராஸ் ரூட்டுங்கிறாருண்ணே" என்றார் ரியாசுதீன். "கிராஸ் ரூட்டுலருந்து ஆரம்பிக்கணும்ங்கிறாரு."

"அப்ப மெயின் ரோட்டுல வரல. குறுக்கு வழியில வாராரு."

கயலுக்குப் பயிற்சி தரும் ஜெபஷீலா டீச்சர் குறுக்கிட்டார். "அது வேற கிராஸுங்க. புல்லு. அடிமட்டத்துலருந்துன்னு அர்த்தம்."

"டீச்சர்! ஒரு தேசியத் தலைவரப் போயி அடிமட்டம்னு சொல்லுறீகளே!" என்று சீனிச்சாமி எழுந்தே விட்டார். டீச்சர் மைதானத்துக்கே திரும்பிவிட்டார்.

எந்தக் குறுக்கு வழி? வீரபாண்டி தாண்டி மேற்கே பிரிந்து குச்சனூர் வழியாக வரும் ரோடுதான் என்று ஒருமனதாக முடிவானது. அது குறுக்கு வழி இல்லை, சுற்று வழி என்று ஒரு உறுப்பினர் சொன்னார். பாசறையின் பலம் உடனே பத்தாகக் குறைந்தது.

"சனிக்கிழமையும் அதுவுமா குச்சனூர் சனீஸ்வரன் கோயில் வழியா வாராருன்னா, ஆளு வெவரம்" என்று தலைவர் வியந்தார்.

வரவேற்பு ஃபிளெக்ஸ் அச்சானது. பதினாறு அடி. "குறுக்கு வழியில் வரும் குணக்குன்றே, வருக!" இப்படி ஒரு வரவேற்பு அந்தப் பதவியில் இருந்த யாருக்கும் இதுவரை கிடைத்ததில்லை. தகுதி இருந்தவர்கள் உண்டு.

ஃபிளெக்ஸைக் கட்டக் கம்பு வேண்டுமே? சவுக்குக் கட்டைகள் எல்லாம் ஒரு கட்சி மாநாட்டுக்குப் போய்விட்டன. ஆடிக் காற்று வேறு ஆளைத் தூக்குகிறது. வெள்ளிக்கிழமை மாலை பாசறையின் பார்வை மைதானத்தின் மேல் விழுந்தது. வலை கட்டும் இரண்டு இரும்புப் போஸ்ட்டுகள்.

"மாமா, காலைல ஆடணுமே! போஸ்ட்டு வேணுமே!" என்று கயல் ஓடி வந்தாள்.

"அவரு காருக்குப் பின்னாடியே போஸ்ட்டும் வந்துரும்த்தா. மொதல்ல அவரு வரணும்ல? அப்பறம்தான வெளையாட்டெல்லாம்?"

பிடுங்கக் கடப்பாரை இல்லை. என் வீட்டில் இருந்தது. வாய்விட்டுக் கேட்கிறவர்களுக்கு இல்லையென்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

இன்னொரு நிர்வாக விவரமும் சொல்ல வேண்டும். ரியாசுதீன் வியாழக்கிழமையே தலைமையாசிரியரிடம், "சார், சனிக்கிழமை சி.இ.ஓ. வாராக" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் சி.இ.ஓ. என்றால் ஒரே ஆள்தான், முதன்மைக் கல்வி அலுவலர். நான்கு வருடமாகத் தண்ணீர் வராத குழாயில் வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. கழிப்பறைக்குக் கதவு வந்தது. பூப்பந்துப் பெருமன்றம் இந்தியக் கல்விக்கு ஆற்றிய ஒரே தொண்டு இதுதான்.

சனிக்கிழமை. பாசறை ஐந்து மணிக்கே மேளத்தோடு குச்சனூர் ரோட்டில். போஸ்ட்டுகளைச் சிமெண்ட் போட்டு நட்டு, ஃபிளெக்ஸை ஏற்றி, ஆளுயர மாலையோடு நின்றார்கள். இங்கன மைதானத்தில் டீச்சர், கயலோடு ஒன்பது பெண்கள், முழுக்கைச் சட்டையில் பதிவேட்டை அணைத்தபடி தலைமையாசிரியர். மாடியில் நான், துணியோடு.

ஏழு மணிக்கு அலுவலர் மெயின் ரோட்டில் வந்து இறங்கினார்.

தலைமையாசிரியர் பதிவேட்டைப் பணிவாக நீட்டினார். அலுவலர் புன்னகைத்து அதில் ஆட்டோகிராஃப் போட்டார். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் இது வேறு சி.இ.ஓ. என்று அவருக்கு விளங்கியது. அவர் குழாயைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அதற்குள் டீச்சர் வலையின் ஒரு முனையைத் தலைமையாசிரியர் கையில் திணித்துவிட்டார். "சார், பிடிங்க. போஸ்ட் இல்ல." மறுமுனையை டீச்சர் பிடித்தார். ஆக, கம்பத்தில் கம்பம் இல்லாமல் ஆட்டம் தொடங்கியது.

கயல் அன்றைக்கு ஆடியதை நான் மிகைப்படுத்த மாட்டேன். பந்தைக் காற்று இழுத்தது. அவள் அதை இழுக்கவிட்டு, போகிற இடத்தில் போய் நின்று, திருப்பிக் கோட்டுக்குள் வைத்தாள். எதிரணிப் பெண்ணே ஆட்டத்தை மறந்து கைதட்டினாள். அலுவலர் ஒன்பது நிமிடம் நின்றார். அதில் எட்டு நிமிடம் போஸ்ட் இருந்த குழிக்குள் எட்டிப் பார்த்து, செல்போனில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கார் ஏறிவிட்டார். திங்கட்கிழமை வந்தபோது பள்ளிக் குழாயின் திருகைத் தலைமையாசிரியர் கழற்றி வைத்திருந்தார்.

குச்சனூரில் பாசறை சும்மா இருக்கவில்லை. வெள்ளைக் காரில் வந்த ஒருவரை மறித்து மாலை போட்டு, மேளம் தட்டி, தோளில் தூக்கிவிட்டார்கள். அவர் ஏழரைச் சனிக்குப் பரிகாரம் செய்ய வந்த திருப்பூர் பனியன்காரர். கோயிலுக்குள் போகுமுன்னே பலன் கிடைத்துவிட்டதே என்று அழுதாராம்.

பன்னிரண்டாம் நாள் பெருமன்றத்தின் கடிதம் ரியாசுதீன் செல்போனுக்கு வந்தது. நீளமான கடிதம். பாசறை பிஸியானது என்பதால் கடைசி வரிக்கு முந்தின வரியின் பின்பாதியை மட்டும் படித்தார்கள். 'கம்பத்துக்கு இரண்டு போஸ்ட் அனுமதிக்கப்படுகிறது.'

மறுபடியும் பத்தாயிரம் வாலா.

"டெல்லில ரெண்டு போஸ்ட்டுத்தா! நமக்கு!" என்று சீனிச்சாமி மாடியைப் பார்த்துக் கூவினார். "ஒண்ணு நானு, தென்மண்டலத் தலைவரு. இன்னொண்ணு நம்ம பாயி."

"அண்ணே, மெயில் வந்தது என் போனுக்கு. தலைவரு நானாத்தேன் இருக்கணும்" என்றார் ரியாசுதீன்.

"வெடி வாங்குனது யாருய்யா?"

மீதி எட்டுப் பேரும் நான்கு நான்காகப் பிரிந்தார்கள். புகைக்கு நடுவே கயல் வந்தாள். ரியாசுதீன் கையிலிருந்த செல்போனை வாங்கினாள். கடிதத்தை மேலிருந்து, தமிழில் சொல்லிக்கொண்டே படித்தாள்.

"'ஆய்வின்போது மைதானத்தில் நெட் போஸ்ட் இல்லை. இரு ஊழியர்கள் வலையைக் கையில் பிடித்திருந்தனர். ஆகவே இந்த மையத்திலிருந்து எந்த வீராங்கனையும் பரிசீலிக்கப்படவில்லை. இக்குறையை நீக்க, கம்பத்துக்கு இரண்டு போஸ்ட் அனுமதிக்கப்படுகிறது. ஆறு மாதத்தில் வந்து சேரும்.'"

மிச்சமிருந்த ஒரு வெடி, நேரம் தெரியாமல், தனியாக வெடித்தது.

"அப்ப... போஸ்ட்டுன்னா?" என்றார் சீனிச்சாமி.

"இரும்புக் கொழாய், மாமா."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மைதானத்தைக் காட்டினாள்.

"பதினெட்டு நாள்ல திண்டுக்கல்லுல மாநிலத் தேர்வு இருக்கு. அதுல ஜெயிச்சாலும் காலேஜ் சீட்டு உண்டுன்னு டீச்சர் சொன்னாக. பழைய போஸ்ட்ட நீங்க சிமெண்டுல புதைச்சிட்டீக. புதுசு வர ஆறு மாசம். உங்களுக்குத்தான் போஸ்ட்டு கெடச்சிருச்சுல்ல? வாங்க, வந்து நில்லுங்க."

இன்றைக்கு ஆறாவது நாள். காலை ஆறு மணிக்குத் தென்மண்டலத் தலைவர் வலையின் ஒரு முனையிலும் செயலாளர் மறுமுனையிலும் பொறுப்பேற்றுவிடுகிறார்கள். பதவிக்கு இவ்வளவு பொருத்தமானவர்களை நான் கண்டதில்லை. அசைவதில்லை. பேசுவதில்லை. மஞ்சள் பந்து மூக்கில் பட்டாலும் கையை விடுவதில்லை. முதல்முறையாகப் பூப்பந்துக்கு உபயோகப்படுகிறார்கள். இதையெல்லாம் மெச்சியபடி மாடியில் நின்றிருந்தேன். கயல் அண்ணாந்து பார்த்தாள்.

"அத்தை, நெட்டு நடுவுல தொய்யுது. அன்னைக்குக் கடப்பாரை குடுத்தது நீங்கதான?"

"நான் துணி காயப்போடத்தான் வந்தேன்" என்றேன்.

"ஆமா. ஆறு நாளா அதே காஞ்ச துண்டு. எறங்கி வாங்க."

இறங்கிப் போனேன். கம்பத்துக்கு இப்போது மூன்று போஸ்ட்.