பற்றரி அண்ணன் வாங்காத வண்டி

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலோ அந்தக் கரையிலோ யார் வாகனம் வாங்கினாலும் சரி, பற்றரி அண்ணன் அதில் ஒரு தடவை ஏறி உட்காராமல் அது வீடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. வாகனம் விற்கிறவர்கள் அவரைக் கண்டதும் கதிரை போடுவார்கள். பிறகு அவரை எழுப்புவதற்கு வழி தெரியாமல் தேநீரும் கொடுப்பார்கள். என் காரும் அவர் ஏறி இறங்கிய கார்தான்.

அவருக்கு ஆரையம்பதியில் வீடு. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த வாகனம் என்றால் ஒரு சைக்கிள். மனைவி காலமான பிறகு, வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டுமே என்று கைபேசியில் வீடியோ பார்க்கத் தொடங்கியவர், எப்படியோ ஹைபிரிட் வாகனங்களில் போய் விழுந்தார். பெற்றோல் இஞ்சினும் பற்றரியும் மாறி மாறி இழுக்கும் வித்தையை விட்டால் அவருக்கு வேறு பேச்சில்லை; பற்றரி அண்ணன் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். பாதி வீடியோ ஜப்பான் மொழியில் ஓடும்.

"அவன் சொல்றது உங்களுக்கு விளங்குதா அண்ணன்?" என்று கேட்டேன்.

"முகத்தைப் பாத்தாலே தெரியுது தம்பி. கியரைப் பத்தித்தான் சொல்றான்."

ஹைபிரிட் காரா, ஹைபிரிட் கெப்பா? இதுதான் அவருடைய ஒரே கேள்வி. கெப் என்றால் முன்னால் ஆட்களும் பின்னால் சாமான்களும் ஏற்றுகிற வண்டி. கோயிலில், கிளினிக் வரிசையில், சந்தையில், எங்கே கண்டாலும் இதே கேள்விதான். ஒரு செத்த வீட்டில் இறந்தவரின் தம்பியுடைய கையைப் பிடித்தபடி இருந்தார். ஆறுதல் சொல்கிறாராக்கும் என்று கிட்டப் போனேன்.

"ஹைபிரிட் காருக்கு நெரிசலான டவுன்தான் தோது. பிறேக் பிடிக்கப் பிடிக்க பற்றரி ஏறும். நம்மட றோட்டில எங்க பிறேக் பிடிக்கிற?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப கெப்தான் நல்லமா?" என்று கேட்டார்.

"கெப் பாரம் இழுக்கும். மாரி வெள்ளத்துக்கும் பயமில்ல, உயரம் இரிக்கு. ஆனா கார் மாதிரி எண்ணெய் மிச்சம் பிடிக்கும் எண்டு மட்டும் நினைக்காதங்க."

பழுகாமத்தில் ஒரு போடியார், பெரிய வயற்காரர். பற்றரி அண்ணன் தலைபாடாய்ச் சொல்லியும் கேட்காமல் ஹைபிரிட் கார் வாங்கினார். அறுவடை நேரம் பாரம் ஏற்ற உழவு இயந்திரம் கிடைக்கவில்லை. நெல் மூட்டைகளைப் பின்சீற்றில் இருத்தி, சீற் பெல்ற்றும் போட்டு மில்லுக்குக் கொண்டுபோனார். பாதி வழியில் காரின் முன்தட்டில் இருந்த எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தன. பற்றரி அண்ணனுக்கு ஆள் போனது.

"போடியார், பின்சீற்றுக்குப் பக்கத்தில இரிக்கிற இந்த வாயாலதான் பற்றரி மூச்சு எடுக்கும். நீங்க மூட்டையை வச்சு அடைச்சிரிக்கீங்க. உள்ளுக்கெல்லாம் உமி."

"பற்றரிக்கு என்னத்துக்கு மூச்சு?"

"உங்களுக்கு என்னத்துக்கோ, அதுக்குத்தான்."

கார் கராஜுக்குப் போனது. பற்றரி அண்ணன் போடியார் வீட்டிலேயே பகல் சாப்பாட்டை முடித்து, கடைசி பஸ் வரைக்கும் கெப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல மனுசன்தான். ஆனா எழும்பிப் போகத் தெரியாது" என்று போடியார் பிறகு என்னிடம் சொன்னார்.

ஒருநாள் நான் பொறுமை இழந்து கேட்டுவிட்டேன். "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்க எதை வாங்கப் போறீங்க?"

"கனடாவில இரிக்கிற மகள் பிள்ளைகளோட வாறாவாம். வாகனம் ஒண்டு எடுத்து வைங்க அப்பா எண்டு சொன்னா. லீவுக்கு வாறதெண்டா கார் காணும். பாசிக்குடாக் கடலைப் பாத்திட்டுப் போயிருவாங்க. இஞ்சயே இரிக்க வாறதெண்டா கெப்தான் வேணும். கட்டில், அலுமாரி, பிள்ளைகள்ற சைக்கிள் எல்லாம் ஏத்தணுமே."

"எதுக்கு வாறாவாம்?"

"அதை மட்டும் நான் கேக்கல்ல தம்பி."

மகள் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாம், பிறகு பார்ப்போம் என்றாளாம். அதற்குப் பின் பற்றரி அண்ணனை வெளியில் காணவில்லை. வீட்டுக்குப் போனேன். கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

"என்ன அண்ணன், காரா கெப்பா?"

"ரெண்டும் வேணாம் தம்பி. ஹைபிரிட்டைச் சும்மா நிப்பாட்டி வைக்க ஏலா. நிண்டா பற்றரி இறங்கிச் செத்துப்போகும். ஓடிக்கிட்டே இரிக்கணும். நான் ஆரை ஏத்திக்கிட்டு ஓடுற?"

 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை அவருடைய வாசலில் நிறுத்தினேன். "அண்ணன், காரில ஏதோ சத்தம் கேக்குது. ஒருக்கா வந்து பாருங்க" என்றேன். உடனே சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். களுவாஞ்சிக்குடி வரைக்கும் போய்த் திரும்பினோம். கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். என் காரில் ஒரு சத்தமும் கிடையாது.

இறங்கும்போது கதவைப் பிடித்தபடி நின்றார். "ஓம் தம்பி, ஒரு சத்தம் இரிக்கத்தான் செய்யுது. ஒரு நாளில பிடிபடாது. வாற கிழமையும் ஓடிப் பாப்பம்."

எத்தனையோ ஞாயிறுகள் ஓடிவிட்டோம். அந்தச் சத்தம் மட்டும் எந்தக் காலத்திலும் பிடிபட்டுவிடக் கூடாது என்று பிள்ளையாரிடம் வேண்டியிருக்கிறேன்.