ஏழாவது கையெழுத்து

மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று நாட்டில் எத்தனையோ பேர் பேசியிருக்கலாம். ஓடுகிற ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசியவர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதி ஷரத்து சார் ஒருவர்தான். அவர் கடையில், அரசியலமைப்பில் ஒரு ஷரத்தாவது கேட்காமல் ஆதார் நகல் கைக்கு வராது.

மாநில உரிமை பற்றிப் பொதுமக்கள் யோசனை அனுப்பலாம் என்று ஒரு குழு அறிவித்தது. இருபது வருஷமாக அவரிடம் யாரும் கேட்காத கேள்வி! ஒன்பது திருத்தங்கள் எழுதினார். கல்வி மாநிலத்துக்கே திரும்ப வேண்டும், ஆளுநர் மசோதாவைக் கிடப்பில் போடக் கூடாது, இப்படி. வெள்ளி நான்கு மணிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும்.

அனுப்பினாரா?

"பெரிய திருத்தத்துக்குப் பாதி மாநிலங்க ஒப்புக்கணும் சார். நான் மட்டும் குறுக்கு வழியில போலாமா?"

அவர் கடையை விட்டால் வீதியில் பதினான்கு கடைகள். அவைதான் மாநிலங்கள்; பாதிக்கு ஏழு கையெழுத்து வேண்டுமாம்.

வெள்ளி 3.10-க்கு நான் போனபோது ஆறுதான் சேர்ந்திருந்தது. தையல்கடை பாய் முதலில் போட்டிருந்தார். பூக்கடைக்காரர், "மாலை கட்டற நேரத்துல ஆளுநரைக் கூட்டிட்டு வராதீங்க" என்று விரட்டியிருந்தார். மற்றவை மதியம் அடைத்தால் நான்கரைக்குத்தான் திறக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னேன்:

"நீங்களே ஒண்ணு போட்டுடுங்களேன்."

"நான் மத்திய அரசு சார்!"

அதே கடை மூலையில் மேஜை போட்டு மொபைல் ரீசார்ஜ் பார்க்கும் அவர் மனைவி நிமிர்ந்தார்.

"ஏங்க, நானும் கடைதானே? என்னை ஏன் கேக்கல?"

"நீ நம்ம கடைக்குள்ளதானம்மா இருக்கே?"

"அதான். தாள் பறக்கும்னு ஃபேனை அணைச்சுடறீங்க. ஆறு வருஷமா வேகறேன். என்னைத் தனி மாநிலமா அறிவிங்க, போடறேன்."

மணி 3.31. இருபது வருஷக் கனவு ஒரு சுவிட்சில் தொங்கியது.

"கொஞ்சம் ஆலோசிச்சு..."

"பாத்தீங்களா சார், மசோதாவைக் கிடப்புல போடறாரு!"

ஷரத்து சார் பேனாவை எடுத்தார். 'திருத்தம் பத்து: மின்விசிறி முழுக்க மாநிலப் பட்டியலில்.' அந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓடினோம். தபால் ரசீதில் 3.52.

குழுவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஷரத்து சார் தாள்கள்மேல் கல்லை வைத்துக்கொண்டு, "ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமாம்மா?" என்று கேட்கிறார்.

அந்த அம்மாவுடையதும் தனிக் கடை என்றால் கடைகள் பதினைந்து. பாதிக்கு எட்டுக் கையெழுத்து வேண்டும். தபால் நிலையப் படியிலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. அவர் ரசீதைச் சட்டைப்பையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.