ஆயுத பூஜையில் அகப்பட்ட பாதுகாப்புச் சாவி

கணினிப் பாதுகாப்பைப் பற்றி நாலு காணொளி பார்த்தவர்களை விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. சோற்றில் கை வைக்கும் முன்பே உங்கள் பாஸ்வேர்டைக் குறை சொல்வார்கள். கல்யாணத்துக்கு முன்பு நான் அப்படிப்பட்ட பிறவிதான். (இப்போதும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அது வேறு கதை.)

ஜாலான் புசார் வட்டாரத்தில் அப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வந்தால், கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, ஆணி வாங்க வந்த ஆளிடமே போனை நீட்டிப் படிக்கச் சொல்வார். அந்த ஆளும் கடை முழுக்கக் கேட்கும்படி படிப்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும். எஸ்எம்எஸ் ஏமாளிகளுக்கானது என்று தீர்ப்பளித்தேன். நான் கட்டிக்கொள்ளவிருந்த குமரன், போனில் எண் காட்டும் ஆப் வைத்திருந்தான். அவனைப் பாதி ஏமாளி என்றேன்.

நான் தேர்ந்தெடுத்தது பாதுகாப்புச் சாவி. விரல் நீளம்கூட இருக்காது. அதைக் கணினியில் செருகினால்தான் என் மின்னஞ்சல் திறக்கும். மற்ற வழிகள் அத்தனையையும் நீக்கினேன். சாவி தொலைந்தால் உதவும் என்று சில அவசர எண்கள் கொடுத்தார்கள். அவற்றை எவனும் திருடாதபடி அதே மின்னஞ்சலுக்குள்ளேயே பத்திரப்படுத்தினேன். (மேதை!) வேலை முடிந்ததும் போன், கணினி எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுவேன். உள்ளேயே இருப்பவர்கள் சோம்பேறிகள் என்பது என் கட்சி.

எங்கள் கல்யாணத்துக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபம் பார்த்திருந்தோம். ஜோசியர் கொடுத்தது ஒரே தேதி. விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும். மின்னஞ்சலில் வரும் சுட்டியைப் பத்து நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் தேதி அடுத்தவருக்குப் போய்விடும். அம்மாவோ அந்த மண்டபத்தின் பெயரைச் சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் கடையில் ஆயுத பூஜை. சாவியைக் கல்லா மேசையில் வைத்த நான், வடை தின்ற மயக்கத்தில் மறந்துவிட்டுப் போனேன். மறுநாள் கடைக்கு வந்து கணினியைத் திறந்து, மண்டபத்துக்கு விவரங்களை அனுப்பிவிட்டுக் கையை நீட்டினால் சாவி இல்லை.

"அப்பா, இங்க வெச்ச என் சாமான் எங்க?"

"சாமிகிட்ட இருக்கு மா. உன் வேலைக்கு உள்ளதுதானே? பொட்டு வெச்சிருக்கேன்."

சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவே அது படுத்திருந்தது. செருகும் முனையில் தாராளமாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"எடுக்காத! இன்னும் நல்ல நேரம் வரல லா. கற்பூரம் காட்டிட்டுத்தான் தொடணும்!"

பிடுங்கினேன். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். செருகினேன், கணினி கண்டுகொள்ளவே இல்லை. காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன், பிரஷ்ஷால் தேய்த்தேன். மனமிரங்கிய அப்பா அலமாரியிலிருந்து தின்னர் எடுத்துக் கொடுத்தார்.

"இதுல தொடச்சிப் பாரு மா, எந்தக் கறையும் போயிரும்."

கறை போயிற்று. கூடவே பிளாஸ்டிக்கும் இளகிக் கோணிக்கொண்டது. (பெயிண்டுக்கு ஊற்றுவதை அதில் ஊற்றலாமா என்று யோசிக்க, காணொளி பார்த்த எனக்கே தோன்றவில்லை.)

குமரனுக்குப் போன் போட்டு அலறினேன்.

"என் இமெயிலக் குடுத்திருக்கலாம்ல?" என்றான். பாதி ஏமாளியின் மின்னஞ்சலா என்று நான்தான் பதிவில் அதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

அதற்குள் பத்து நிமிடம் தாண்டியிருந்தது; மண்டபத்துக்கு அழைத்தேன். "சாரி லா சிஸ்டர், வேற பார்ட்டி கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க" என்றது ஒரு பெண் குரல். அம்மாவுக்குச் சொல்லத் தைரியமில்லாமல், பெயிண்ட் டின்கள் மேல் உட்கார்ந்து அழுதேன். அவமானமாக இருந்தது.

ஜோசியர் தேதியை மாற்ற மறுத்துவிட்டார். கடைசியில் கிடைத்தது குவீன்ஸ்டவுனில் ஒரு பூப்பந்து அரங்கம். தாலி கட்டும் படத்தில் எங்கள் காலடியில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று ஓடுகின்றன. ஆல்பத்தைப் புரட்டும் எவரும் அங்கே நிறுத்தி, "ஏன் கோர்ட்டுல வெச்சீங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார்.

"மண்டபம்லாம் பாத்தோம் லா. எம்பொண்ணு போட்ட செக்யூரிட்டில எங்களாலயே உள்ள போக முடியல."