ஆர்ச்சியோடு போட்ட நிஜச் சண்டை

அன்புள்ள கோர்டன் அண்ணனுக்கு,

கிளாஸ்கோவிலிருந்து தங்கை இஷ்பெல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் செம்மறிகளும் நனையாமல் இருக்கிறீர்களா? போன வாரம் போனில், "புள்ளைங்களோட உக்காந்து டோஸ்ட் திங்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். ஆமாம், அதற்குத்தான். அந்த டோஸ்டால் செவ்வாய்க்கிழமை எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்து அரவணைப்பு அறைக்கு வரும் ஆறு பிள்ளைகளும் பெரிய வகுப்பில் உட்கார முடியாமல் அடித்தும் ஒளிந்தும் வாயே திறக்காமலும் இருந்தவர்கள். காலையில் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, முறை வைத்து வெண்ணெய் தடவி, பேசிப் பழகி, மெல்ல வகுப்புக்குத் திரும்ப வேண்டும். பெரியவர்கள் சண்டை போட்டால் கதவு உடையும், யாராவது வீட்டை விட்டுப் போவார்கள் என்பதுதான் இவர்களுக்குத் தெரிந்த உலகம். அதனால் நானும் உதவியாளர் ஆர்ச்சியும் அவர்கள் முன்னால் வேண்டுமென்றே சின்னதாக முட்டிக்கொண்டு, நயமாகச் சமாதானமாகிக் காட்டுவோம். "அடடா ஆர்ச்சி, என் கோப்பைய எடுத்துட்டீங்களே!" "மன்னிச்சுக்குங்க இஷ்பெல், கவனிக்கல." ஆர்ச்சி முன்பு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர். நடிப்பு சுத்தமாக வராது.

அன்று நகராட்சியிலிருந்து திருமதி பெட்டிக்ரூ வந்தார். அடுத்த வருடம் இந்த அறை இருக்குமா, மூடப்படுமா என்பது அந்த அம்மாள் கையில். மூடினால் ஏழு வயது ஸ்ட்ருவன் என்ன ஆவான் என்று நினைத்து எனக்கு முந்தின ராத்திரி தூக்கமில்லை. கிறிஸ்துமஸ் வரை அவன் மேசைக்கு அடியில்தான் இருந்தான், டோஸ்டைக் கூட அங்கேதான் நீட்டுவோம், இப்போதுதான் மேலே வந்து நாற்காலியில் உட்காருகிறான். இந்த நேரம் பார்த்து ஆர்ச்சி, விருந்தாளிக்கு மரியாதை என்று தன் வீட்டுப் பழைய டோஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே, மனுஷன் ரொட்டியைச் சொருகினார், புகை கிளம்பியது, தீ மணி அடித்தது, மொத்தப் பள்ளிக்கூடமும் மழையில் போய் நின்றது, தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் அண்ணா!

நனைந்து திரும்பி வந்தோம். பிள்ளைகள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆர்ச்சி மெதுவாக, "ரொட்டி கொஞ்சம் தடிமன், அதான்" என்றார். எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ.

"வாய மூடுங்க ஆர்ச்சி! அப்பவே சொன்னேன்ல? ஒரு நாளாவது சொன்னதக் கேட்டிருக்கீங்களா?"

"எல்லாத்துக்கும் நான்தான் கெடச்சேனா? நீங்களே நடத்திக்குங்க!" என்று அவர் கோட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த திருமதி பெட்டிக்ரூவின் பேனா நின்றுவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஸ்ட்ருவன் எழுந்தான். மறுபடி மேசைக்கு அடியில் போகப் போகிறான் என்று பயந்தேன். அவன் நேரே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றான்.

"போகாதீங்க சார். மிஸ் இப்ப மன்னிப்புக் கேப்பாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தெனமும் கேக்குற மாதிரி இளிச்சுக்கிட்டுக் கேக்கக் கூடாது மிஸ். நெசமா கேக்கணும்" என்றான்.

கேட்டேன் அண்ணா. ஆர்ச்சியும் கேட்டார், மூக்கைச் சிந்திக்கொண்டே. ஸ்ட்ருவன் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ம், சரி" என்று போய் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலிச் சிறுமி அவனிடம் வெண்ணெயைத் தள்ளினாள்.

போகும்போது திருமதி பெட்டிக்ரூ என் கையைப் பிடித்துக்கொண்டு, "எத்தனையோ அறை பார்த்திருக்கேன், இப்படிப் பார்த்ததில்ல" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆக, பிழைத்தோம். இனி டோஸ்டுக்குச் சம்பளமா என்று கேட்டுப் பாருங்கள், தெரியும் சேதி.

அண்ணிக்கு என் அன்பு. ஆட்டுக்குட்டிகள் எல்லாம் நல்லபடியாகப் பிறந்து, உங்கள் இடுப்பு வலியும் கோபமும் சேர்ந்தே குறையட்டும்.

உங்கள் தங்கை,
இஷ்பெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் போன் வந்தது. திருமதி பெட்டிக்ரூ அறிக்கை எழுதிவிட்டாராம்: பிள்ளைகளின் முன்னேற்றம் அபாரம், ஆகவே அடுத்த வருடம் இந்த அறை தேவையில்லை. ஆர்ச்சியிடம் சொன்னேன். "அந்தம்மாவ இன்னொரு தடவ வரச் சொல்லிட்டு, புள்ளைங்கள கொஞ்சம் மோசமா நடந்துக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். கூடாது என்று சொல்ல எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று அண்ணா.