பொட்டு வைத்த இரும்புப் பெட்டி

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளையிடம் 'உங்களுக்குத் தெரியுமா?' என்று யாரும் கேட்பதில்லை. தெரியும் என்று அவர்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். அட்டைப்பெட்டியில் டேப் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உத்தியோகம். சித்தூரில் இருக்கும் என் மாமனாருக்கோ, கம்பெனி என்றால் மெஷின், மெஷின் என்றால் கரெண்ட், ஆகவே மாப்பிள்ளை கரெண்டில் புலி. (நானும் மறுக்கவில்லை. புலி என்றால் யாருக்குக் கசக்கும்?)

வீடு பழையது. பாகம் பிரித்தபோது நடுவே சுவர் எழுப்பி, முன்பாதி மாமனாருக்கு, பின்பாதி அவர் தம்பிக்கு என்று ஆனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நாங்கள் போயிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, தம்பி மகள் பவானியைப் பெண் பார்க்கத் திருப்பதியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. எங்களுக்கு அழைப்பு இல்லை. என் மாமியார் மட்டும், இதாவது அமைய வேண்டுமே என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வெள்ளையடிக்கும் யோசனையில் இருந்தார். கூடத்துச் சுவரில் ஒரு கறுத்த இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி. ஆயுத பூஜைதோறும் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து அதன் நிறமே மாறியிருந்தது.

"இது இன்னாத்துக்கு கீதுன்னே தெரியல மாப்ளே. ஒரு தபா பாருங்க. வேணாம்னா கழட்டிடலாம்."

"பழைய மெயின் சுவிட்ச் மாமா" என்றேன். அதுவரை சரி. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை.

கைப்பிடியைக் கீழே இழுத்தேன். எங்கள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது, ஃபேனும் நிற்கவில்லை. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. செத்துப்போன பெட்டி" என்று தீர்ப்பளித்து, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த பீங்கான் ஃப்யூஸ்களையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஷோகேசில் வைக்கலாம் என்றாள் மனைவி.

சற்று நேரத்தில் பட்டுப்புடவையில் பவானி எங்கள் வாசலில் நின்றாள். சுவர் எழுந்த பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த முதல் ஆள்.

"பெரிம்மா, உங்க வூட்ல கரெண்டு கீதே. எங்க வூட்ல பூட்ச்சு. அவுங்க வேர்த்துக்கினு உக்காந்துக்கினு கீறாங்க. பில்லு கட்டலியான்னு மாப்ள அம்மா கேக்குறாங்க."

மாமியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஃபேனைப் பார்த்தார். பிறகு, "எல்லாரையும் இங்க கூட்டிக்கினு வாம்மா" என்றார்.

வந்தார்கள். கடைசியாகச் சின்ன மாமனாரும் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அண்ணனும் தம்பியும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இறுக்கம் தாங்காமல் பையனின் அப்பா பெட்டியைக் காட்டி, "இது ரொம்ப பழசு போல கீதே" என்றார்.

புலி எழுந்தது. "செத்துப்போச்சுங்க. ஆனா எப்படி வேலை செய்யும்னு காட்றேன்" என்று ஃப்யூஸ்களைச் செருகி, மூடியைச் சாத்தி, கைப்பிடியை மேலே தள்ளினேன்.

பின்வீட்டில் பளிச்சென்று விளக்குகள் எரிந்தன. கூடவே மிக்சி அலறியது. சட்னி அரைபடும்போது கரெண்ட் போயிருக்கிறது. மிக்சி மூடியைத் திறந்து கிளறிய சின்ன மாமியார், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டார். "என் சட்னி" என்று அவர் ஓடினார். (பாதி சட்னி அதற்குள் சுவரில் இருந்தது.)

கரெண்ட் கம்பம் இருப்பது முன்தெருவில். பாகம் பிரித்தபோது வயரிங் செய்தவர் பின்வீட்டு லைனை இந்தப் பெட்டி வழியாகத்தான் விட்டிருக்கிறார். பேச்சே இல்லாத வீட்டில் யார் யாருக்குச் சொல்வது? என்னால் பவானியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சின்ன மாமனார் எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா எங்கூட்டு கரெண்டு உன் கைலயா இருந்துச்சு?"

"எனக்கு இன்னாடா தெரியும்? தெரிஞ்சிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்."

முதலில் சிரித்தது பையனின் அம்மா. பிறகு சம்பந்தமும் பேசி முடித்தார்கள். "சண்டையிலயும் தம்பி வூட்டு கரெண்ட நிறுத்தாத குடும்பம், இங்க பொண்ணு எடுக்கலாம்" என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொன்னாராம். (நிறுத்தத் தெரியாததால்தான் நிறுத்தவில்லை என்று விளக்க வாயெடுத்தேன். மனைவி என் காலை மிதித்தாள்.)

பவானிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இன்றும் பின்வீட்டில் கரெண்ட் போனால், சின்ன மாமனார் "மாப்ள வந்துகீறாரா?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் கூடத்துக்கு வந்துவிடுவார். உட்காருவார், காபி குடிப்பார், கரெண்ட் வந்த பிறகும் அண்ணனோடு பேசிக்கொண்டிருப்பார். போன மாதம் நான், "லைனைத் தனியாகப் பிரித்துவிட்டால் உங்களுக்கு இந்த அலைச்சல் இல்லையே" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மாப்ளே" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.