கெடிலம் டிவியின் சுதந்திரப் பயிற்சி முகாம்

ஜனநாயகம் கிரேக்க நாட்டில் பிறந்தது என்று பாடப் புத்தகத்தில் எழுதியவர்கள் பாவம், கடலூர்ப் பக்கம் வந்ததில்லை. வந்து ஒரே ஒரு சாயங்காலம் கெடிலம் டிவியின் ஏழு மணிச் செய்தியைப் பார்த்திருந்தால், அது எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, இப்போது எங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

இந்தப் பெருமை 2012 தை மாதத்தில் கடல் தாண்டி சம்போரா தீவுக்கும் எட்டியது. அங்கே பல வருஷம் ஆண்ட ஜெனரல், சீருடையைக் கழற்றிக் கோட்டு மாட்டிக்கொண்டு, 'இன்று முதல் நாம் ஜனநாயக நாடு' என்று உத்தரவு போட்டிருந்தார். மீறுபவர்களுக்கு வழக்கமான தண்டனை. ஜனநாயகம் என்று வந்துவிட்டால் அரசுத் தொலைக்காட்சியைச் சீர்திருத்த வேண்டுமாம். அதைக் கற்றுக்கொண்டு வர, ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையின் செலவில், அந்தத் தொலைக்காட்சியின் துணை இயக்குநர் சின்னையன் புறப்பட்டு வந்தார். அவருடைய முன்னோர் பரங்கிப்பேட்டையில் கப்பல் ஏறியவர்கள். ஆகவே தமிழ் பேசுவார். பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல் பேசுவார்.

பயிற்சி, சிதம்பரத்தில் ஒரு லாட்ஜின் ஏசி ஹாலில். ஆசான், கெடிலம் டிவியின் செய்தி ஆசிரியர் சபாபதி. வந்தவர் திருப்தியாகத் திரும்பிப் போனால் சபாபதிக்கு சம்போராவில் 'ஊடகச் சீர்திருத்த ஆலோசகர்' உத்தியோகம், வீடு, கார், டிரைவர். பாவம், மனுஷன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு பயத்தோடு யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

"உங்கள் தணிக்கை அதிகாரி எங்கே அமர்வார்?" என்று சின்னையன் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"அப்டி யாரும் கெடையாது சார். சுதந்திர நாடு."

"அப்படியானால் செய்திகளை யார் எழுதுகிறார்கள்?"

"விழா நடத்துறவுங்களே எழுதிக் குடுத்துடுவாங்க. போட்டோ, சால்வ, சாப்பாட்டு டோக்கன் எல்லாம் ஒண்ணாவே வந்துடும்."

"அதில் நிருபருக்கு என்ன சுதந்திரம்?"

"முழு சுதந்திரம் சார். அவுங்க 'மாபெரும் கூட்டம்'னு எழுதியிருந்தா நாம 'வரலாறு காணாத மாபெரும் கூட்டம்'னு போட்டுக்கலாம். ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

சின்னையன் வியந்துபோனார். "எங்கள் நாட்டில் முதலில் ஒருவர் உண்மையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருவார். பிறகு இன்னொருவர் உட்கார்ந்து அதை வெட்டுவார். இருவருக்கும் சம்பளம்."

"தெண்டச் செலவு சார்," என்றார் சபாபதி. "நாங்க தேடுறதே இல்ல."

இந்த உயர்ந்த கட்டத்தில்தான் சபாபதியின் மனைவி மாலதி போன் செய்தாள். விஷயம் இதுதான். மார்கழியில் அடித்த புயலில் முந்திரி, பலா, மின்கம்பம் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்தன. அண்ணாகிராமம் பக்கம் புதுக் கம்பம் நடும் காண்டிராக்டை எடுத்தவர் ராஜாமணி. அவர்தான் கெடிலம் டிவியின் முதலாளியும். ஆகவே, கம்பங்கள் லாரியில் இருக்கும்போதே 'அண்ணாகிராமத்தில் நூறு சதவீதம் மின்சாரம்' என்று கெடிலம் டிவி அறிவித்துவிட்டது. மாலதியின் அம்மா ரத்தினம்மாள் குடியிருப்பதோ அதே அண்ணாகிராமத்தில், இருட்டில்.

"மாமா, அம்மா பேசுச்சு. போர் மோட்டார் ஓடல. எங்கியோ போயி கொடத்துல தண்ணி தூக்கியாருது. கம்ப்ளைண்ட் குடுக்கப் போனா, 'அதான் டிவியிலயே கரண்டு வந்துடுச்சின்னு சொல்லிட்டாங்களே'ன்னு அனுப்பிவுட்டுட்டாங்களாம்."

சபாபதி குரலைத் தாழ்த்தி, ஆனால் தத்துவ ஞானியின் நிதானத்தோடு, விளக்கினார். "இத பாரு மாலதி. கரண்டு இல்லாதவுங்க டிவி பாக்க முடியாது. டிவி பாக்குறவுங்க வூட்ல கரண்டு இருக்குது. நம்ம செய்திய டிவியில பாத்தவுங்க ஒருத்தராவது பொய்னு சொல்லியிருக்காங்களா?"

"அத எங்க அம்மா மூஞ்சிக்கு நேரா போயி சொல்லுங்க."

போனார். மறுநாள் 'களப் பயிற்சி' என்று பெயர் வைத்து, சின்னையனையும் கேமராவையும் காரில் ஏற்றிக்கொண்டு, பின்னால் ஒரு மினி லாரியில் ஜெனரேட்டரோடு போனார். 'ஒளி வந்தது' என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி. ரத்தினம்மாள் வீட்டுக் கூடத்தில் பல்பு எரிந்தது. பட்டப்பகலில் பல்பு எரிவது கேமராவில் எடுபடாது என்பதால் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, முறைப்படி இருட்டு ஏற்பாடு செய்யப்பட்டது.

ஜெனரேட்டர் சத்தம் கேட்டதுதான் தாமதம், தெருவே திரண்டுவிட்டது. கையில் செல்போனும் சார்ஜருமாகச் சிலர், ஊறவைத்த உளுந்தும் மிக்சியுமாகச் சிலர். ஒருவர் மோட்டார் வயரைத் தோளில் சுற்றிக்கொண்டே ஓடிவந்தார். 'வரலாறு காணாத மாபெரும் கூட்டம்' என்று சபாபதி எழுதியதில் உண்மையாக அமைந்தது அன்று ஒன்றுதான். அவர்களை வாசலிலேயே நிறுத்திக் கதவுக்குத் தாழ் போட்டார்கள்.

"அத்த, 'கரண்டு வந்துடுச்சு, ராஜாமணி அய்யாவுக்கு நன்றி'ன்னு ஒரே ஒரு வரி. கேமராவப் பாத்து சொல்லிடுங்க."

ரத்தினம்மாள் கேமராவைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"மாப்ள, பொண்ணக் குடுத்த எடம், ஒரு வார்த்த ஜாஸ்தியா பேசுனதில்ல நானு. இன்னிக்கிப் பேசுறேன். இந்த மெஷினு போயிட்டா மறுக்கா இருட்டுதான். தண்ணி தூக்கித் தூக்கி கை ரெண்டும் வெளங்காம போச்சு. பலா மரம் பூரா வேரோட கெடக்குது. கம்பமே நடல. எந்த வாயால வந்துடுச்சின்னு சொன்னீங்க?"

சபாபதிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. உண்மையாகவே சுருக்கென்றது, அவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. "நா பாத்துக்குறேன் அத்த," என்றார். பிறகு பல்பைக் கழற்றி, ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பாதி அரைத்த உளுந்தோடு யாரும் நிற்கவில்லை என்பது ஆறுதல். யாரையும் அரைக்க விடவில்லை.

சாயங்காலம் கடலூர் ஆபீசில் சபாபதியே எடிட்டிங்குக்கு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் சின்னையன். திரையில் ரத்தினம்மாள் பேசினாள். சபாபதி ஒரு பொத்தானை அழுத்தினார், குரல் போயிற்று. இன்னொன்றை அழுத்தினார், நாதஸ்வரம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயசைக்கும் அந்த முகத்தின் கீழே, 'ஆனந்தக் கண்ணீரோடு நன்றி கூறும் மூதாட்டி' என்று எழுத்து ஓடியது.

"இப்படிச் செய்யும்படி யார் உத்தரவிட்டார்கள்?" என்று கேட்டார் சின்னையன்.

"யாரும் சொல்லல சார்."

"உங்கள் முதலாளி?"

"அவுருக்குத் தெரியவே தெரியாது. இந்த மாதிரி சில்லற விஷயத்துக்கெல்லாம் அவர தொந்தரவு பண்ணலாமா?"

"அந்த அம்மையாரின் குரலை அப்படியே ஒலிபரப்பினால் உங்களைச் சிறையில் அடைப்பார்களா?"

"சேச்சே! ஜெயிலா? மொதலாளி ஒரு ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாரு. அவ்ளோதான்."

சின்னையன் பேனாவை மூடினார்.

"எங்கள் செய்தி அறையில் எனக்குப் பின்னால் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். அவன் கழிப்பறைக்கு எழுந்து போகும் நேரம் பார்த்து நாங்கள் இரண்டு உண்மைகளைச் செய்திக்குள் சொருகிவிடுவோம். அதற்காக நான் சிறைக்கும் போயிருக்கிறேன். வந்த நாளிலிருந்து உங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஐயா. சுவர்தான் இருக்கிறது."

சபாபதி சட்டென்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"அப்ப சார்," என்றார் மெதுவாக, "நம்ம சம்போரா உத்தியோகம்?"

சின்னையன் எழுந்து இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தயவுசெய்து எங்கள் நாட்டுப் பக்கம் வந்துவிடாதீர்கள். துப்பாக்கி இல்லாமலே இதெல்லாம் நடக்கும் என்பது எங்கள் ஜெனரலுக்கு இன்னும் தெரியாது."